வந்த தலைக்குத்தான் காசு

கும்மிடிப்பூண்டி
நவம்பர் 2, ஞாயிறு

அன்பு மகன் இம்மானுவேலுக்கு,

நீ எட்டாவது வரை படித்த பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளையும் எடுத்துவிட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து போன பிள்ளைகளிடம் வாசலில் வைத்தே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இனிமேல் அந்த வகுப்புகளுக்கு ஜி.என்.டி. ரோட்டைத் தாண்டி, மூன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். நம்ம பள்ளி ஐந்தாவதோடு சரி. இது நடந்து நாலு வாரம் ஆகிறது.

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தபடியே இருக்கிறது. ஏஞ்சலுக்கு இது ஏழாவது மாதம், பிரசவத்துக்கு இங்கே வருவதா, பொன்னேரியில் அவள் மாமியார் வீட்டிலேயே இருப்பதா என்று இன்னும் பேச்சு ஓயவில்லை. மழை பிடித்துக்கொண்டது. குடோனில் கணுக்கால் வரை தண்ணீர், இரும்பு விலையும் படுத்துவிட்டது. நீ டில்லிக் குளிருக்குப் புது ஸ்வெட்டர் வாங்கினாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பள்ளி விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று வரும். உங்கள் ஆபீசில் காகிதத்துக்குத்தான் மரியாதை என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வருஷம் பொன்னேரி கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிகளுக்கு வரும் பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று உங்கள் குழு மூன்று யோசனை கொண்டு வந்திருந்தது. நம்ம பக்கத்துப் பன்னிரண்டு பள்ளிகளில் சோதனை போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். நீ மேடையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாய். நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்று சட்டையில் அட்டை குத்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

முதல் யோசனை, இருந்தபடியே இருக்கட்டும், பதிவேட்டில் எத்தனை பெயரோ அத்தனைக்குப் பணம். இரண்டாவது, பெயர் இருந்தால் போதாது, தினம் வருகிற பிள்ளைகளை எண்ணி அந்தச் சராசரிக்குப் பணம். மூன்றாவது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று வந்தால் அதை ஒன்றரைப் பிள்ளையாக எண்ணிப் பணம் கொடுப்பது. அந்தப் பிள்ளைக்குச் செலவும் உழைப்பும் கூடுதலாகத் தேவைப்படும் என்று நீதான் படம் போட்டு விளக்கினாய்.

பிறகு மைக்கை எங்கள் பக்கம் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் சத்துணவு, கழிவறை, சுற்றுச்சுவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். பேசினதை நானே மறந்திருப்பேன், நீங்கள் அச்சடித்து அனுப்பின புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டுவிட்டீர்கள்.

"சார், நான் இருவத்தெட்டு வருசமா பழைய இரும்பு வாங்கி விக்கிறவன். பில்லுல பத்து டன்னுன்னு எய்திக்கினு வருவான். எடை மேடைல ஏத்துனா எட்டரைதான் நிக்கும். நான் எட்டரைக்குத்தான் துட்டு குடுப்பேன். நீங்களும் வந்த தலைக்குத்தான் காசு குடுங்க. ஏழைப் புள்ளன்னா ஒன்றரையா எண்றது இன்னா கணக்கு? ஒரு டன்ன ஒன்றரை டன்னுன்னு எய்தினா எங்க தொழில்ல அதுக்குப் பேரு திருட்டு."

மண்டபமே கை தட்டியது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நீயும் சிரித்தாய், இம்மானு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் "அப்பா, மூணு மணி நேரம் நாங்க சொன்னத நீங்க மூணு நிமிஷத்துல சொல்லிட்டீங்க" என்றாய். ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். எம்.ஏ. படித்த மகன் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

ஏன் அப்படிப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி இருக்கிறதே, இல்லாத நாற்பது பிள்ளைகளுக்குப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு பணம் வாங்கிக்கொண்டிருந்தது, அவர்களை அடக்க வேண்டும் என்று நினைத்தேன். உன் முன்னால் நன்றாகப் பேச வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இரண்டாவதுதான்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் மணவாளன் சார் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் வருகைக் கணக்கை விரித்து வைத்திருந்தார். ஆறு முதல் எட்டு வரை சராசரி நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் அந்த வகுப்புகளுக்குப் பணம் கிடையாது, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது, இரண்டாவது யோசனையை எடுத்துக்கொண்டு ஜூனில் ஆரம்பித்த உங்கள் சோதனையின் விதி. பதிவேட்டில் அறுபத்து நாலு பெயர். செவ்வாய், புதன், வெள்ளியில் ஐம்பது பேர் வருகிறார்கள். திங்களும் வியாழனும் முப்பத்திரண்டு. சராசரி நாற்பத்து மூன்றைக்கூடத் தொடவில்லை.

அந்தத் தாளை நான் எடைச் சீட்டு பார்ப்பதுபோல் பார்த்தேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு வாரம்கூடத் தப்பாமல் அதே இரண்டு நாளில் இறக்கம். "அது இன்னா சார், திங்களும் வியாழனும் மட்டும் பள்ளமா உழுது?" என்று கேட்டேன். மணவாளன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா, தாவீது?" என்றார்.

கேட்ட வாய் மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. திங்களும் வியாழனும் நம்ம குடோனில் லோடு இறங்குகிற நாள். தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் முடிந்ததும் லாரியை விடுவார்கள், காலை ஆறு மணிக்கு நம்ம வாசலில் நிற்கும். பன்னிரண்டுக்குள் காலி செய்து அனுப்பாவிட்டால் லாரிக்காரன் காத்திருப்புக் கூலி போடுவான். அதனால் இரும்பைத் தரம் பிரிக்கிற பெண்கள் எல்லாரையும் ஐந்தரைக்கே வரச் சொல்வது என் ஏற்பாடு. அங்கன்வாடி ஒன்பதுக்கு மேல்தான் திறக்கும். கைப்பிள்ளையை யார் பார்ப்பது? ஆறாவது, ஏழாவது படிக்கிற அக்காதான்.

அந்த நாட்களில் குறைகிற பதினெட்டுப் பேரில் பதினொன்று நம்ம குடோன் பெண்களின் பிள்ளைகள். அந்தப் பதினொன்றும் வந்திருந்தால் சராசரி நாற்பத்தேழு. வகுப்பு நின்றிருக்கும். கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் நாற்பத்தேழுதான் வந்தது.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று சாரிடம் கத்தினேன். "மண்டபத்தில் நீங்க பேசும்போது நானும் பின் வரிசையில் இருந்தேன். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் நான் எதைச் சொல்ல? போதாக்குறைக்கு மேடையில் உங்க பையன் வேறு" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நீ அந்தப் பள்ளியில் படித்த எட்டு வருஷத்தில் ஒரு நாள் விடாமல் போனதற்குப் பரிசு வாங்கினாய், அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. உன் புத்தியால் வாங்கினாய் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏஞ்சல் தொட்டிலில் கிடந்தபோது உன் அம்மா வீட்டில் இருந்தாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தேன், அவளை வேலைக்கு அனுப்பவில்லை. அதற்குக் கொடுத்த பரிசு அது.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் எழுதுகிறேன். கடைசல் எந்திரத்திலிருந்து வரும் துருவல் எண்ணெயில் ஊறி வரும். சுத்தமான தகட்டையும் அதையும் நான் ஒரே கூலிக்குப் பிரிக்கச் சொல்வதில்லை. துருவல் வந்தால் நாலு ஆள் கூடப் போடுவேன், சோப்பும் துணியும் தனியாகக் கொடுப்பேன். எடை ஒன்றுதான், கைவேலை அதிகம். இருபத்தெட்டு வருஷமாக என் குடோனில் நடக்கிற கணக்கு இது. நீ மூன்றாவது யோசனையாகக் கொண்டு வந்ததும் இதே கணக்குதான். மைக்கைக் கண்டதும் எடை மேடை ஞாபகம் வந்தது, பிரிக்கிற கை ஞாபகம் வரவில்லை. உனக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் சிரித்தாய்?

இப்போது நிலைமை இது. அறுபத்து நாலில் முப்பத்தொன்பது பேர் ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். இருபத்தைந்து பேர் வீட்டில் நின்றுவிட்டார்கள், அதில் பத்தொன்பது பெண் பிள்ளைகள். கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு, பாலம் இல்லை, சிக்னல் ஒன்று இருக்கிறது, அதை எந்த லாரிக்காரன் மதிக்கிறான்?

நம்ம குடோனில் சின்னப்பொண்ணு இருக்கிறாளே, செம்பு தனியாகப் பிரிப்பவள், அவள் மகள் நந்தினி ஏழாவது. போன வியாழன் ஐந்தரைக்கே அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது தரையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்துக்கொண்டு ஆணியைப் பிரிக்கிறது. எனக்கு முதலில் வந்தது பயம்தான், உண்மையைச் சொல்கிறேன். யாராவது போட்டோ எடுத்தால் கேஸ். "இன்னா சின்னப்பொண்ணு, புள்ளய இங்க இட்டாந்துக்கினு?" என்று அதட்டினேன்.

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இஸ்கூலுதான் பூடுச்சே. ஊட்ல ஒண்டியா உட்டு வர்றதா? நீதானண்ணா மண்டபத்துல சொன்னே, வந்த தலைக்குத்தான் காசுன்னு. தோ, ஒரு தலை கூட வந்துகீது, எய்திக்கோ."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேற்பார்வை பார்க்கிற ரகு கீழே குனிந்துகொண்டான். இருபத்தெட்டு வருஷத்தில் என் குடோனில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவள் பேரில் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. அன்றைக்குக் கூலியைக் கொடுத்தபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். அந்த முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துவிடச் சொல். சொன்னவன் தப்பாகச் சொல்லிவிட்டான், அவன் குடோனே அந்த வகுப்பை மூடியது என்று எழுது. என் பெயரையே போடு, பரவாயில்லை. அரையாண்டுக்குள் அந்த மூன்று வகுப்பும் திரும்பி வர வேண்டும். நந்தினி இந்த வருஷத்தை விட்டால் பிறகு புத்தகத்தைத் தொட மாட்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை எவ்வளவு நாள் வீட்டில் வைத்திருப்பார்கள், அடுத்து என்ன பேச்சு வரும் என்று உனக்குத் தெரியும்.

நீ நல்லவன். உனக்குத் தெரியாமல் நடந்தது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே நினைக்கும்படி வை.

உன் அப்பா
தாவீது

-----

கும்மிடிப்பூண்டி
நவம்பர் 30, ஞாயிறு

அன்பு மகன் இம்மானுவேலுக்கு,

உன் பதில் வந்தது. இருபதாயிரம் ரூபாயும் வந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய். கோபத்தில் அனுப்பவில்லை. நீ வேலை செய்கிற இடம் போட்ட விதிக்கு நீ கைக்காசு கொடுத்தால் அது உனக்கும் அழகில்லை, எனக்கும் அழகில்லை.

அறிக்கை அச்சாகிவிட்டது, இனி எதையும் எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். மார்ச் மாதம் மறுஆய்வு உண்டு, அதில் சொல்லலாம் என்கிறாய். சரி. ஆனால் ஒரு குடோனை வைத்து ஒரு மாவட்டத்தின் கணக்கைச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். ஒரு வியாபாரி சொன்ன ஒரு வார்த்தையை வைத்து மட்டும் பன்னிரண்டு பள்ளிக்குக் கணக்குப் போடலாமா?

அதையும் விடாமல் பார்த்துவிட்டேன். பன்னிரண்டில் நாலு பள்ளிக்கு நானே வண்டியில் போய் வந்தேன். செங்கல் சூளைப் பக்கத்துப் பள்ளியில் முன்பணம் வாங்கின குடும்பங்களின் பிள்ளைகள் ஜூன் கடைசி வரை சூளையில்தான் இருந்தார்கள், சேர்ந்தபோது கணக்கு ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கடலில் நல்ல பாடு கிடைத்தால் அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் இல்லை, மீன் பிரிக்கப் போய்விடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரு திங்கள், ஒரு வியாழன் இருக்கிறது. கிழமைதான் வேறு.

மூன்றாவது பள்ளி பொன்னேரிக்குப் பக்கத்தில், வயல் வைத்திருக்கிறவர்கள் ஊர். மெத்தை வீடுகள், வீட்டில் ஆள் இருக்கிறது, பிள்ளை தினம் வருகிறது. அங்கே பணம் கூடியிருக்கிறது, புதிதாக ஒரு புரொஜெக்டர் மாட்டியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், எனக்கு மோர் கொடுத்தார்கள். அவர்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நம்ம பள்ளியில் குறைந்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது.

நாலாவது, நான் அடக்க நினைத்த அந்த ரயில் பாதைப் பள்ளி. அதைக் கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இல்லாத நாற்பது பிள்ளைகளும் தினம் வருகிறார்கள். இல்லாத பிள்ளைக்கு ஜுரம் வராது, இல்லாத பிள்ளைக்குக் கைக்குழந்தைத் தம்பி கிடையாது. நான் பேசினதில் பலன் அடைந்தது அவர்கள்தான். அந்தப் பள்ளிக்காரர் என்னைக் கண்டதும் வாசல் வரை வந்து கும்பிட்டார்.

இதையெல்லாம் எழுதி மணவாளன் சாரும் நானும் கையெழுத்துப் போட்டுக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தோம். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மார்ச் வரை காத்திருங்கள் என்றார். உன் வார்த்தையே அவர் வாயிலும் இருந்தது. அரையாண்டுக்குள் வகுப்பு திரும்பும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அதற்குள் அந்த இருபத்தைந்தில் இரண்டு பெண்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தியை ஆர்.கே.பேட்டையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தறி வீட்டில் நூல் சுற்றுகிறாளாம். இன்னொருத்தி எங்கே என்று கேட்டால் அவள் அப்பா என்னை முறைக்கிறான்.

இருக்கிற இருபத்து மூன்றையாவது பிடிக்க வேண்டும் என்று போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடோன் பெண்களை உட்கார வைத்துப் பேசினேன். உன் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் ஒரு யோசனை சொன்னேன். லோடு நாளில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதோ அதன் அம்மாவுக்கு அன்றைய கூலியோடு ஐம்பது ரூபாய் கூட. மாதம் முழுக்க விடாமல் போனால் இன்னொரு இருநூறு. எனக்கே அது பெரிய மனதாகத் தெரிந்தது. கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

சின்னப்பொண்ணு டம்ளரைக் கீழே வைத்தாள். "ஜுரம் வந்துச்சின்னா?" என்றாள்.

"யாருக்கு?" என்றேன். "ஜுரம் வந்து புள்ள படுத்துக்கிச்சின்னா எனுக்கு அம்பது கட்டா? மழைல ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சின்னா அன்னிக்கி நான் புஸ்தகத்தக் காய வெக்கிறதா, உன் அம்பத எண்றதா? மறுபடியும் தலைய எண்ண ஆரம்பிச்சிட்டியாண்ணா? உனுக்கு அது உடாதா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள், அது போதாதா எனக்கு? கங்கம்மா கிழவி மட்டும் எனக்காகப் பரிந்து பேசினாள். "பாவம், நைனா நல்லதுக்குத்தான சொல்றாரு." அதற்கும் சின்னப்பொண்ணு விடவில்லை. "நல்லதுக்குத்தான்க்கா அன்னிக்கும் சொன்னாரு."

இம்மானு, நான் மார்க்கெட்டில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். டன்னுக்கு ஐம்பது ரூபாய் குறைக்க மூன்று மணி நேரம் பேசுவேன். அந்த ஒரு கேள்வியில் அவள் என்னை மடக்கிவிட்டாள். ஒரு தப்பை ஊர் முன்னால் செய்து, அதற்காக ஒரு மாதம் தூங்காமல் கிடந்து, கடைசியில் அதே தப்பை என் கைக்காசைப் போட்டுத் திரும்பச் செய்யப் பார்த்திருக்கிறேன். பணம் கொடுக்கிறவன் இடத்தில் உட்கார்ந்தால் கண் அப்படித்தான் பார்க்கும் போலிருக்கிறது. உனக்கும் அந்த இடத்தில்தான் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஜாக்கிரதை.

பிறகு அவர்கள் கேட்டார்கள், நான் எழுதிக்கொண்டேன். லோடு நாளில் இனி வேலை ஒன்பதரைக்குத்தான் ஆரம்பம், பிள்ளை கிளம்பி, அங்கன்வாடி திறந்த பிறகு. கூலி முழு நாள் கூலி, ஐந்நூறு. லாரி காத்திருப்புக் கூலி லாரிக்கு ஆயிரத்து ஐந்நூறு, அது என் தலையில். ரோட்டைத் தாண்டிப் போக ஒரு வேன், மாதம் பதினாலாயிரம், வகுப்பு நம்ம பள்ளிக்குத் திரும்பும் வரை அதுவும் என்னுடையது. பிள்ளை போனதா இல்லையா என்று குடோனில் யாரும் கேட்கக் கூடாது, ரகுகூடக் கேட்கக் கூடாது. வேன் போன திங்களிலிருந்து ஓடுகிறது. முதல் நாள் பதினேழு பேர் ஏறினார்கள். நந்தினி ஏறினாள். மீதி ஆறு பேரை எண்ணக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் கண் எண்ணுகிறது.

இதனால் எனக்கு மாதம் இருபத்தாறாயிரம் போகிறது. இரும்பு விலை ஏறாவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாது. இதைத் தர்மம் என்று நீ எங்கேயும் எழுதிவிடாதே. ஒரு வியாபாரி கைக்காசில் வேன் ஓட்டுகிறான் என்று கட்டம் கட்டிப் போட்டீர்களானால், அடுத்த மாவட்டத்தில் மூடுகிற பள்ளிக்கு அதைக் காரணம் காட்டுவார்கள். குடோன் இல்லாத ஊரில் யார் வேன் விடுவார்கள்?

நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஏஞ்சல் பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள், ஜனவரியில் நாலு நாள் லீவு போட்டு வா, அம்மா உன்னைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு உன் பேரில் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பேனாவைப் பிடித்தேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கண்ணையும் சேர்த்துக் காக்கட்டும்.

மார்ச் மறுஆய்வில் நீ மேடையில் இருப்பாய். நான் பேசுகிறேன், தப்பை ஒப்புக்கொள்கிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொன்னேன். "நீ பேசாத. நீ பேசித்தான் பூடுச்சு. நாங்க பேசறோம்" என்று சின்னப்பொண்ணு சொல்லிவிட்டாள். அவள் சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொள், திருத்தாதே. அதற்கும் பேரம் பேசி முடித்துவிட்டோம். நாலு பெண்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் கூலி ஐந்நூறு, பொன்னேரி போய் வர ஆட்டோச் செலவு, மதியத்துக்குப் பிரியாணி. நான் மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

உன் அப்பா
தாவீது